அஞ்சலை தோளில் ஒரு வட்டம்

ஜனவரி 8, 1934. திங்கள்.
விடாத மழை. ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை, ஆபீசில் வேலையும் இல்லை.
இடுப்பில் படர்தாமரை. சென்னையில் படித்தபோது வராதது, மலாயாவில் சிம்பாங் ரெங்கம் தோட்டத்துக்கு வந்து ஈர வேட்டியோடு பழகியபின் வந்தது. புண்ணுக்கு மருந்து கட்டும் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் களிம்பு கொடுத்தார். வாஸ்லினில் கொஞ்சம் சாலிசிலிக் திராவகம். தோலை மெல்ல உரித்துவிடுமாம். பூசணமும் அதோடு போகுமாம். மதியம் தடவினேன். இளஞ்சூடு, பிறகு கடுப்பு. கண்ணாடியில்: விளிம்பு சிவப்பு, நடு வெளுப்பு. நேர்த்தியான வட்டம். இது நானா, என்மேல் குடியேறிய வேறொன்றா?

ஜன. 10.
விளிம்பு உரிகிறது, காகிதம் போல. ஒரு துணுக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தேன்.
கூலிகள் குடியிருக்கும் லயத்தில் பேச்சு. பால்வெட்டும் அஞ்சலைக்குத் தோளில் வட்டமாக வெளுத்திருக்கிறதாம். பெருவியாதி, குஷ்டம் என்கிறார்கள். கங்காணி போய்த் துரையிடம் சொல்லிவிட்டார். சனிக்கிழமை டாக்டர் வருகிறார். அதுதான் என்றால் நோயாளிகள் முகாம். கைக்குழந்தைக்காரி. குழந்தையை அவளோடு அனுப்ப மாட்டார்கள்.
எனக்கும் வட்டம்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா; மறைக்கச் சட்டை உண்டு.

ஜன. 11.
தூறல். களிம்பு வாங்கப் போனேன். டிரசர் அறையில் அஞ்சலை. தோள் வெந்திருந்தது.
"என்னத்தப் போட்ட?"
"ஸ்டோர்ல ரப்பர் பால உறைய வைக்கிற திராவகம்ங்க."
"யாரு சொன்னா?"
"கிராணியாருக்கு நீங்க திராவகம்தானே குடுத்தீங்க. தொட்டிப் பாலையே கட்டுது, இந்தக் கருமத்தக் கட்டாதான்னு..."
"அது கித்தாவுக்கு. உன் தோளு என்ன ரப்பர் ஷீட்டா?"
வாசலில் அவள் புருஷன் முனியன் சிரித்தான். உடனே நிறுத்திக்கொண்டான்.
"துணியில தொட்டுத்தாங்க வச்சேன். உசிரு போயிருச்சு. கத்தினது அடுத்த லயத்துக்கே கேட்டுச்சு."
டிரசர் பஞ்சைக் கீழே வைத்தார். "எங்க எரிஞ்சுது? ஓரத்துலயா, நடுவுலயா?"
"நடுவுலதாங்க."
கண்ணை மூடச் சொன்னார். பஞ்சைத் திரியாக்கி, வட்டத்துக்குள் வேகாமல் தப்பிய இடங்களைத் தொட்டார்.
"இப்ப?"
"தொட்டீங்க."
"இப்ப?"
"இல்ல."
இரண்டாவது முறை தொடாமலே கேட்டிருந்தார். அவள் ஏமாறவில்லை.
பெருவியாதி பிடித்த தோல் மரத்துப்போகுமாம். நெருப்பு வைத்தாலும் தெரியாதாம்.
"அப்ப அது இல்லீங்களா?" முனியன்.
"டாக்டர் சொல்லணும். எனக்குப் படர்தாமரைன்னுதான் படுது." அஞ்சலை பக்கம் திரும்பி, "நல்லா எரிஞ்சிருக்கு," என்றார், திட்டுகிற குரலிலேயே.
அறைக்கு வந்து என் முழங்கையைக் கிள்ளிப் பார்த்தேன். பிறகு கழுத்தை. எதற்கென்று தெரியவில்லை.

ஜன. 13. சனி.
வெயில். டாக்டர் ஊசியால் குத்தினாராம்; அஞ்சலை அவர் கையைத் தட்டிவிட்டாளாம். படர்தாமரை. முகாம் இல்லை.
வெந்த புண் ஆறியபின் களிம்பு.
பாக்கி: சோப்பு, மை, அண்ணனுக்குக் கடிதம்.

ஜன. 24.
மறுபடி மழை. என் வட்டம் மங்கிவிட்டது. தேட வேண்டியிருக்கிறது.
அஞ்சலைக்கு இன்று முதல் பூச்சு. நானும் போனேன், வேலை ஏதுமில்லாமல். குழந்தை முனியன் கையில்.
"லேசா எரியும்," என்றார் டிரசர்.
"எரியட்டுங்க."
பூசிய தோளைத் திரும்பிப் பார்த்தாள்:
"இன்னும் எரியலையே. கூடக் கொஞ்சம் போடுங்க."