நீக்கப்பட்ட நான்கு எலிகள்

சுற்றுப்பாதை ஆய்வகம் 'வான்குடில்'. பொறுப்பு: முனைவர் அகரன். பணியில் இருப்போர்: ஒருவர். நேரம்: இந்திய நேரம்.

2063 மார்ச் 5, 08:10

காற்றழுத்தம் சரி. நொதிக் கலன்கள் ஆறும் 37 பாகையில் நிற்கின்றன. நேற்றைய விளைச்சல் 212 மில்லி. இரண்டு லட்சம் தலைகளுக்குப் போதும். நான் ஆட்களைத் தலைகள் என்றே எழுதுவதைத் தரைக் கட்டுப்பாட்டில் இருக்கும் பெனடிக்டா கிண்டல் செய்துகொண்டே இருக்கிறார். என்ன செய்வது, இங்கே விளைவது தலைக்குத்தான். முளைப்பி என்ற இந்த நொதி எடையற்ற இடத்தில் மட்டுமே உருக்குலையாமல் வளர்கிறது. அதனால் வழுக்கைக்கு மருந்து கண்டுபிடித்தவனைப் பூமிக்கு மேலே ஒரு டப்பாவில் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

மாற்று ஆள் வர ஏழு வாரம். தரையோடு தினம் இரண்டு முறை, ஒன்பது ஒன்பது நிமிடம் தொடர்பு. மற்றபடி இந்தக் குறிப்பேடுதான் துணை. படிப்பவர் யாராயினும் வணக்கம்.

மார்ச் 8, 13:25

செய்தித் தொகுப்பு வந்தது. ஊசி பொதுமக்களுக்கு வந்து ஏழு மாதம். ரேஷன் கார்டு காட்டினால் வீட்டில் எல்லோருக்கும் போடுகிறார்கள். விக் கடைகள் மூடிவிட்டன. கல்யாணத் தரகர்கள் பழைய புகைப்படம் கேட்கிறார்களாம், உண்மையான நெற்றி எதுவென்று பார்க்க. வங்கி வாசலில் கேமரா அடையாளம் காணாமல் ஒரு மேலாளரையே வெளியே நிறுத்திவிட்டது. ஊசி போட்டுக்கொள்ளாத ஆண்களைப் பார்த்து, "இன்னும் அப்படியேவா சுத்துறீங்க" என்று கேட்கிறார்களாம். முன்பெல்லாம் சொட்டை என்று சிரித்தார்கள், இப்போது சோம்பேறி என்கிறார்கள். இருபத்தாறு வயதில் வழுக்கையானவன் நான். என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லோரும் இன்று என் ஊசிக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்று நினைத்து, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் மகிழ்ந்தேன்.

மார்ச் 11, 09:50

தங்கை தாரகையிடமிருந்து குரல் செய்தி. அப்படியே எழுதி வைக்கிறேன்.

"அண்ணே, நல்லாருக்கியா? முடி இடுப்பத் தொட்டுருச்சு. வேண்டுதல் ஞாபகம் இருக்கா? வர்ற வெள்ளிக்கெழம பழனில மொட்டை. அம்மா வருது, அவரும் லீவு போட்டுட்டாரு. கூட்டம் சாஸ்தியாம், ஊசி போட்டவுங்க எல்லாருமே வேண்டிக்கிட்டுருக்காக போல. நீ சாமி இல்லன்னு சொல்லுவ, தெரியும். ஆனா உன் ஊசிக்கும் சேத்துத்தான் வேண்டுனேன்."

பத்தொன்பது வயதில் ஏதோ காய்ச்சலுக்குப் பிறகு தாரகைக்கு முடி முழுவதும் கொட்டியது. எட்டு வருடம் தலையில் துணி கட்டிக்கொண்டே கல்லூரிக்கும் வேலைக்கும் போனாள். பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். முதல் பரிசோதனைக் குழுவில் அவளை நான்தான் சேர்த்தேன். முடி வளர்ந்த பிறகுதான் கல்யாணம் நடந்தது.

செய்தியைக் கேட்டு முடித்ததும் மறுபடி முதலிலிருந்து கேட்டேன். ஏன் என்பதை இப்போது எழுத முடியவில்லை. கலன்கள் சரி.

மார்ச் 12, 10:15

எழுதுகிறேன்.

எங்கள் பரிசோதனையில் நாற்பது எலிகள். ஆய்வறிக்கையில் முப்பத்தாறு. விடுபட்ட நான்குக்கும் முடி வளர்ந்த பிறகு, படம் எடுக்க வசதியாக, உடல் முழுவதும் மழித்திருந்தோம். பதினோராவது நாள் அவற்றின் தோல் கெட்டிப்பட்டது. மழித்த இடத்தில் முடி வெளியே வரவில்லை. வேர்கள் திசை மாறி உள்ளே வளர்ந்தன. இருபத்து மூன்றாம் நாள் நான்கும் செத்துக் கிடந்தன. மண்டையோட்டின் தையல் வழியே முடி மூளைக்குள் இறங்கியிருந்தது.

கத்தரித்த எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒட்ட மழித்தால் மட்டுமே அப்படி. காரணம் கண்டுபிடிக்க ஒரு வருடமாவது ஆகும். அமைச்சர் அறிவிக்கும் தேதி குறித்தாகிவிட்டது. பட்டியலில் நான்கின் எதிரே 'கையாளும்போது காயம், நீக்கப்பட்டது' என்று நான் எழுதினேன். முடி வளர ஊசி போட்டுக்கொண்டவன் எவனாவது மொட்டை அடிப்பானா என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

ஐந்து வயதுக்குள் எனக்கு மூன்று முறை மொட்டை போட்டிருக்கிறார்கள். சந்தனம் பூசிய தலையோடு நான் அழுகிற படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வேறு நாட்டுக்காரன் மறந்திருந்தால் மன்னிக்கலாம். நான் எப்படி மறந்தேன்? மறக்கவில்லை. நினைக்காமல் இருந்துகொண்டேன்.

இன்றைய செய்தித் தொகுப்பின் ஏழாவது பக்கம்: மொட்டை போட்டுப் பதினைந்து நாளில் ஒரு லாரி ஓட்டுநர் தலைவலியோடு மருத்துவமனையில். தலைத் தோல் பலகைபோல் இருக்கிறது. காரணம் தெரியவில்லை என்கிறார்கள்.

மார்ச் 13, 09:48

தாரகைக்கு அனுப்பியது: "மொட்டை வேண்டாம். தலைத் தோலுக்கு நல்லதில்லை. பூமுடி மட்டும் கொடு."

பூமுடி என்றால் மூன்று விரல் அளவு நுனியைக் கத்தரித்துக் கொடுப்பது. பெண்கள் பலர் அப்படித்தான் கொடுப்பார்கள். தப்பித்துவிடலாம் என்று நினைத்தேன். அவள் தப்பிக்க வேண்டும் என்றா, நான் தப்பிக்க வேண்டும் என்றா, கேட்காதீர்கள்.

மார்ச் 13, 17:30

அவள் பதில்: "ஆரம்பிச்சுட்டியா? சின்ன வயசுலேருந்து இதே வேல ஒனக்கு. மொட்டைன்னு வேண்டிக்கிட்டு பூமுடி குடுத்தா அது ஏமாத்துறது இல்லையா? எட்டு வருசம் அழுதுருக்கேன் அண்ணே. சொன்னதச் செய்யலன்னா எனக்குத் தூக்கம் வராது."

எனக்கு மூன்று வருடமாகத் தூக்கம் நன்றாகவே வந்திருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 14, 10:05

அலைவாங்கியைத் திருப்பும் மோட்டார் சிக்கிக்கொண்டது. காலைத் தொடர்பு போயிற்று. உள்ளே இருந்தே கைப்பிடியால் திருப்பலாம்; ஒரு மணி நேர வேலை. மாலைத் தொடர்புக்குள் சரியாகிவிடும்.

மார்ச் 14, 17:40

சரியாகிவிட்டது. ஒன்பது நிமிடமும் இணைப்பு இருந்தது. நான் எதுவும் அனுப்பவில்லை. முழு உண்மையையும் எழுதத் தொடங்கினேன். 'நீக்கினேன்' என்ற சொல்லில் நின்றுவிட்டேன். 'நீக்கப்பட்டன' என்று மாற்றினேன். 'குழு நீக்கியது' என்று மாற்றினேன். இணைப்பு போய்விட்டது.

மார்ச் 15, 17:45

இன்றும் இரண்டு தொடர்புகள். இரண்டிலும் வரைவைத் திருத்திக்கொண்டிருந்தேன். "மோட்டார் சரியாயிருச்சா சார், சாப்டீங்களா?" என்று பெனடிக்டா கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். நாளை வெள்ளிக்கிழமை.

மார்ச் 16, 09:52

அனுப்பிவிட்டேன். தாரகைக்கும், சுகாதாரத் துறைக்கும், பெனடிக்டாவுக்கும் ஒரே செய்தி: "முளைப்பி ஊசி போட்டவர்கள் தலையை மழித்தால் முடி உள்நோக்கி வளர்ந்து ஆளைக் கொல்லும். நான்கு எலிகள் அப்படிச் செத்தன. எனக்குத் தெரியும். நான் நீக்கினேன். உடனே எல்லா இடத்திலும் மொட்டையை நிறுத்துங்கள்."

முப்பது சொல்கூட இல்லை. இதற்கா மூன்று நாள்?

மார்ச் 16, 17:31

தாரகையிடமிருந்து ஒரு படம். எடுத்த நேரம் காலை 07:10. மொட்டைத் தலை நிறைய சந்தனம், பல் தெரியச் சிரிப்பு. கீழே: "போட்டாச்சு அண்ணே. கண்ணாடில பாத்தா அப்டியே பழைய நீதான். சிரிச்சுட்டே இருக்கேன்."

அதன்பின் பத்து மணிக்கு இன்னொன்று. எழுத்து மட்டும்: "அண்ணே, நெசமா?"

பெனடிக்டா: "தகவல் எல்லா மாவட்டத்துக்கும் போயிடுச்சு. கோயில்கள்ல முடி எடுக்கிறத நிறுத்திட்டாங்க. ஏற்கெனவே எடுத்தவங்க பத்தாயிரத்துக்கு மேல இருப்பாங்கன்னு சொல்றாங்க. உங்ககிட்ட மாற்று மருந்து எதாவது இருக்கான்னு கேக்குறாங்க."

இன்று 'சார்' இல்லை.

மார்ச் 17, 08:20

தடுப்பி என்று ஒரு கரைசல் இங்கேயும் தரைக் கிடங்கிலும் உண்டு. அறுவடைக்குப் பின் நொதியை நிறுத்தப் பயன்படுத்துவது. உயிருள்ள உடலில் யாரும் போட்டதில்லை. எந்த அளவு நிறுத்தும், எந்த அளவு கொல்லும் என்று தெரியாது. கண்டுபிடிக்க எலி வேண்டும். இங்கே எலி இல்லை. தரையில் எலிக்கு ஊசி போட்டு முடி வளரவே மாதங்கள் ஆகும்.

நானும் ஊசி போட்டவன்தான். இன்னும் இரண்டு ஊசி போட்டுக்கொண்டேன். அவளைவிட வேகமாக எனக்கு நடக்க வேண்டும். பிறகு உறிஞ்சுகுழாய் பூட்டிய சவர இயந்திரத்தால் ஒட்ட மழித்தேன். குழாய்க்குத் தப்பிய முடிகள் முகத்தைச் சுற்றி மிதந்தன. காற்றோட்டம் அவற்றை வடிகட்டியில் சேர்க்க அரை மணி ஆனது.

தாரகைக்கு அனுப்பியது: "நிஜம். மருந்து தேடுகிறேன்."

மார்ச் 22, 09:00

தோல் கெட்டிப்பட்டுவிட்டது. அவளுக்கு இது 27ஆம் தேதி வாக்கில் வரும். தடுப்பி 0.1 மில்லி. மாற்றம் இல்லை.

மார்ச் 24, 09:15

0.2. மாற்றம் இல்லை. உச்சியில் ஊசி குத்துவதுபோல் வலி. கலன்களை அணைத்துவிட்டேன். இனி இந்த நொதி விளையாது. அம்மாவின் செய்தி: "அவ ஒங்கூடப் பேச மாட்டேங்குறா. நீ சாப்புட்டியா?"

சாப்பிட்டேன் என்று எழுதினேன்.

மார்ச் 26, 11:40

0.3. வாந்தி. இடக்கண் மங்கல். வலி குறைந்ததா பழகிவிட்டதா தெரியவில்லை. தலையை ஊடுருவிப் பார்க்கும் படம்காட்டியில் முடி நுனிகள் எலும்பின் தையலில். நேற்று இருந்த இடத்தைவிட ஒரு மில்லிமீட்டர். மேலே இல்லை. கீழே.

மார்ச் 27, 09:52

0.4 போட்டுக் கொண்டேன் 05:50 மணிக்கு. நான்கு மணி நேரம். நுனிகள் நகரவில்லை. திரும்பப் பார்த்தேன். நகரவில்லை. நின்றுவிட்டது

இடக்கண் இல்லை. வலக்கண்ணில் எழுத்து இரண்டு இரண்டாக. தொடர்பு முடிவதற்குள் இந்தக் குறிப்பேட்டை அப்படியே தரைக்கு

அளவு 0.4. என் எடை 71. தாரகை 54, அவளுக்கு 0.3. தோல் கெட்டிப்பட்ட அன்றே முழு அளவும் போட வேண்டும், என்னைப்போல் சிறுகச் சிறுக ஏற்றிக் காத்திருக்கக் கூடாது. காத்திருந்ததால்தான் எனக்கு

அவளுக்கு இன்று பதினோராவது நாள். இன்றே

பெனடிக்டா, பட்டியலில் சேருங்கள். எலி எண் 41. ஆண். மழிக்கப்பட்டது. தடுப்பியால் வளர்ச்சி நின்றது. பிழைத்ததா இல்லையா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எதுவானாலும்

இதை நீக்காதீர்கள்