காட்டிக் குடுப்பாளா?

தெஹியோவிட்ட,
13.02.2024

அன்புள்ள றிப்தா,

நீ சொகமா இருக்கணும்னு மாரியம்மாவ வேண்டிக்கிட்டு எழுதுறேன். வாசிச்சதும் கிழிச்சுப் போட்டுரு. போன்ல பேசுனா பொலிஸ் கேக்குமாம், அணைச்சு வச்சிட்டேன். கொழும்பு பஸ் கண்டக்டர் கிருஷ்ணகுமார் அண்ணன்கிட்ட இதக் குடுத்து விடுறேன்.

நேத்து ரப்பர் பால் வெட்டிட்டு லயத்து வீட்டுக்கு வாறேன், வாசல்ல ரெண்டு பேரு. சி.ஐ.டி.யாம். நீ வேல செய்யிற கடையில மாணிக்கக்கல்லத் தூக்கிட்டு ஓடிட்டியாம். "ஒன் கூட்டாளி எங்க?"ன்னு சிங்களத்துல அதட்டுனாங்க. தெரியாதுன்னேன். நம்பல. "புள்ளையத் தூக்கிக்கிட்டு ஸ்டேஷனுக்கு நட"ன்னாங்க. என் மக தர்ஷி தலையில கைய வச்சு, இவ மேல சத்தியமாத் தெரியாதுன்னுட்டேன்.

நாளைக்கும் வருவாங்களாம். நீ திருடுறவ இல்ல, எனக்குத் தெரியும். ஒடனே நீ தங்கியிருக்குற அந்த ரூம விட்டுப் போயிரு. பொய்ச் சத்தியம் புள்ளையத் தாக்குமோன்னு பயமா இருக்கு. அத நான் பாத்துக்கிறேன்.

இப்படிக்கு,
ஒன் கோகிலா


கொழும்பு,
16.02.2024

அன்பின் கோகிலாவுக்கு,

அல்லாஹ்வே, ஒன்ட கடிதத்த வாசிச்சு அழுதுட்டேன். போனும் எடுக்குறாயில்ல. இன்னேரம் டீவிக்காரங்க வந்து உண்மையச் சொல்லியிருப்பாங்க. பொலிஸும் இல்ல, கல்லும் இல்ல புள்ள. "காட்டிக் குடுப்பாளா?"ன்னு புதுப் போட்டி. கேமராவ ஒளிச்சு வச்சு, கூட்டாளிய மெரட்டிப் பாப்பாங்க. முதலாளிக்குத் தெரிஞ்ச ஆக்கள், மறுக்க ஏலாம ஒன்ட பேரக் குடுத்தேன். முன்கூட்டிச் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க.

என்ன நல்லா ஏசு, கேட்டுக்கிறேன். ஆனா அடுத்த சனிக்கெழம அதப் பாக்காத. பாக்க ஒண்ணும் இல்ல. நோன்புக்கு முந்தி ஊருக்கு வாறேன், நேர்ல பேசுவோம்.

என்டைக்கும் ஒன்ட,
றிப்தா


தெஹியோவிட்ட,
27.02.2024

றிப்தாவுக்கு,

டீவிக்காரங்க மறுநாளே வந்து கேமராவக் காட்டுனாங்க. பயம் விட்ட சந்தோஷத்துல நானும் சிரிச்சுக் கையெழுத்துப் போட்டேன். ஒன் மேல கோவமே வரல. பாக்காதன்னு எழுதுன பாரு, அப்பத்தான் பாக்கணும்னு வந்துச்சு. அன்னைக்கி லயத்துச் சனமெல்லாம் எங்க வீட்டுலதான்.

தர்ஷி தலையில நான் கை வச்ச எடத்துல சிரிப்புச் சத்தம் போட்டாங்க. அதையும் பொறுத்துக்கிட்டேன். அப்பறம் ஒன்னையக் காட்டுனாங்க. சிங்காரிச்சு உக்காந்திருந்த. "கோகிலா காட்டிக் குடுப்பாளா?"ன்னு போட்டி நடத்துற ஆளு கேட்டு முடிக்கல, நீ "குடுப்பா"ங்கிற பொத்தான அமுக்கிட்ட. "அவ பயந்தாங்கொள்ளி, ஒரு அதட்டுக்கே கக்கிருவா"ன்னு வேற சொன்ன.

பக்கத்து வீட்டு வெள்ளையம்மா அக்கா எந்திரிச்சு டீவிய அணைச்சாங்க. மூஞ்சிய எங்க வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல.

நான் என்னடி பண்ணுனேன் ஒனக்கு? நீ பவாஸ விரும்புனப்ப ஒன் வாப்பா எத்தன தடவ வந்து கேட்டாரு? வாயத் தொறந்தனா? அது கூடவா ஒனக்கு ஞாபகம் வரல, பாவி!

சனம் ஏசி, அந்தப் போட்டிய மூணாவது வாரத்தோட நிப்பாட்டிட்டாங்களாம். என்னால நீ தோத்துட்ட, பரிசும் போச்சு. கவலப்படாத. ஊருக்கு வந்தா இந்தப் பக்கம் வராத. இனிமே நெசமாவே பொலிஸ் வந்து ஒன்னையக் கேட்டா, எந்த ரூமு, எந்தக் கடைன்னு ஒண்ணு விடாம சொல்லிருவேன். அடுத்த தடவ நீதான் ஜெயிப்ப.

கோகிலா