நம்ம வீட்டுப் படிக்கு நீ வாங்கின வக்காலத்து

தூரத்துல இருந்துகிட்டே நம்ம தெருவைக் காப்பாத்தற என் மகனுக்கு,

அம்மா எழுதறேன். நாங்க ரெண்டு பேரும் இங்க இருக்கோம், நல்லா இருக்கோமான்னு நீதான் சொல்லணும், ஏன்னா இந்த வீட்டைப் பத்தி எங்களைவிட உனக்குத்தான் நிறைய தெரியுதுன்னு ஊரே சொல்லுது. நீ சௌக்கியமா இருக்கேங்கற சேதி நகராட்சி ஆபீஸ் மூலமா எனக்கு வந்து சேர்ந்தது, ரொம்ப சந்தோஷம். உனக்கு முதுகு வலின்னு மருமக சொன்னா, நீ சொல்லல. வேலை செய்யற நாற்காலியை மாத்து, குனிஞ்சு எதையும் தூக்காத, வெந்நீர் ஒத்தடம் கொடு. போன்ல சொல்லியிருக்கலாமேன்னு கேப்ப. போன்ல உன்கிட்ட என்னத்தைச் சொல்றது? ம், சரி, பாத்துக்கோங்க, வச்சிடவா, இந்த நாலு வார்த்தையைத் தாண்டி நீ பேசி எனக்கு ஞாபகம் இல்ல. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டே தலை நரைச்சவ நான், எதிர்ல இருக்கறவன் காது கொடுத்துக் கேக்கறானா, கம்ப்யூட்டரைத் தட்டிக்கிட்டே ம் போடறானான்னு எனக்குத் தெரியாதா? அதான் பேப்பர்ல எழுதறேன். பேப்பர்ல வந்தாத்தான் நீ மதிப்பேன்னு இப்பத்தான் புரிஞ்சுது.

விஷயத்துக்கு வரேன். நம்ம தெருவை பழமை மாறாத பாதுகாப்புப் பகுதின்னு அறிவிக்கப் போறாங்கங்கறது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியறதுக்கு முன்னாடியே உனக்குத் தெரியும். நான் பேக்கரி வாசல்ல ஒட்டியிருந்த நோட்டீஸைப் பாத்துத்தான் தெரிஞ்சுகிட்டேன். வீட்டு முன்பக்கத்துல கதவு, ஜன்னல், படி, சுவர் எதையும் மாத்தக் கூடாது, இடிக்கக் கூடாது, புதுசா எதையும் ஒட்டவும் கூடாது, ஆணி அடிக்கணும்னாகூட கமிட்டியைக் கேக்கணும்னு போட்டிருந்தது. அங்கேயே தலையில அடிச்சுக்கிட்டேன். போன மழையில உங்கப்பா வாசல் படியில வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சது உனக்குத் தெரியாத கதை இல்ல. அன்னிக்கே போன் பண்ணிச் சொன்னேன், நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா? ரப்பர் மேட் வாங்கிப் போடுங்கம்மான்னு சொன்ன. ஆபரேஷன் முடிஞ்சு வந்ததுலேர்ந்து வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள நடக்கறார், வாசல் வரைக்கும் வரார், அதோட சரி. பின்பக்கம் கோடவுன் சுவர், பக்கத்துல சந்து கிடையாது, வெளிய போகணும்னா அந்தக் கல்படி ஒண்ணுதான் வழி, அதுவோ ஆள் உசரத்துக்கு நிக்குது. செக்கப்புக்குப் போகணும்னா வெல்டரும் பேக்கரிக்காரரும் வந்து அவரை நாற்காலியோட தூக்கி இறக்கறாங்க. தூக்கும்போது உங்கப்பா கண்ணை இறுக்கி மூடிக்கறார். தெருவுல நாலு பேர் பாக்கறாங்கன்னு வெக்கம். போன தடவை வயித்து வலின்னு பொய் சொல்லி செக்கப்புக்கே வரமாட்டேன்னுட்டார். இந்த ஊர்ல இருக்கற முக்கால்வாசி லிஃப்டை ரிப்பேர் பண்ணின மனுஷன்டா அவர், மத்தவங்களை எல்லாம் மேலயும் கீழயும் அனுப்பிட்டு சொந்த வாசல்ல மாட்டிக்கிட்டு நிக்கறார். பொழுதன்னிக்கும் வாசக்கதவைத் திறந்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார், அந்த உசரத்துலேர்ந்து போறவங்க வரவங்க தலைதான் தெரியும், இந்தத் தெருவுல யாருக்கு வழுக்கை விழுதுன்னு அவருக்குத்தான் முதல்ல தெரியுது. அதைச் சொல்லிச் சிரிக்கறார். எனக்குச் சிரிப்பு வரல.

சும்மா உட்காராம தானே ஒரு வழி பண்ணினார். படியில பாதியை வெட்டி எடுத்துட்டு அந்த இடத்துல ஒரு சின்ன மேடை, நாற்காலியோட நிக்கற அளவு, பக்கத்துல ஒரு கைப்பிடிச் சக்கரம், அதைச் சுத்தினா ஏறும் இறங்கும், கரண்ட் போனாலும் கவலை இல்ல. எல்லாம் அவரே வரைஞ்சார். மீதிப் பாதி படி எனக்கும் தபால்காரருக்கும். அவரோட பழைய கூட்டாளி, தீப்பொறின்னு நாம கூப்பிடுவோமே அந்த வெல்டர், நீ சின்ன வயசுல அவர் கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஓடுவியே, அவர்தான் இரும்பை எல்லாம் அடிச்சு முடிச்சு ஷெட்டுல சாத்தி வச்சிருக்கார். கல்லை வெட்ட வேண்டியது மட்டும் பாக்கி. அந்த நேரம் பாத்து இந்த நோட்டீஸ்.

கருத்துக் கேட்புக் கூட்டம்னு வச்சாங்க. எங்க வச்சாங்க தெரியுமா, லைப்ரரி மாடியில! லிஃப்ட் இல்லாத மாடி. படியேற முடியாதவன் கருத்து அவங்களுக்குத் தேவையே இல்லன்னு அதுலேயே தெரிஞ்சு போச்சு. உங்கப்பா ஷேவ் பண்ணி, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, கிளம்பித் தயாரா உட்கார்ந்திருந்தார், மாடின்னு கேட்டதும் சட்டையைக் கழட்டி ஹேங்கர்ல மாட்டிட்டார். நான் மட்டும் போனேன். முதல் வரிசையில நம்ம எதிர்வீட்டு பல் டாக்டரம்மா, அவங்கதான் இதுக்கெல்லாம் தலைமை, தெருவுல குடிவந்து மூணு வருஷம்கூட ஆகல, அதுக்குள்ள இதுதான் என் உயிர் என் மூச்சுங்கறாங்க. அவங்க வீட்டுக்குப் பின்பக்கத்துல வழி இருக்கு, அங்க பெரிய ஷட்டர் போட்டு ரெண்டு கார் நிக்குது, முன்வாசல் படி அவங்களுக்கு போட்டோ எடுக்கத்தான். ஒரு அதிகாரி வந்தார், சின்ன வயசு, மரியாதையான பையன்தான், ஸ்கிரீன்ல ஒவ்வொரு வீடா காமிச்சார், நம்ம வீடும் வந்தது, பக்கத்துல இருக்கறவங்க எல்லாம் ஆஹாங்கறாங்க. எனக்கும் பாக்க அழகாத்தான் இருந்தது, இல்லன்னு சொல்லல, போட்டோவுல வழுக்காதே. அப்புறம் அவர், வெளிநாட்டுலேர்ந்தெல்லாம் கருத்து வந்திருக்கு, பேர் சொல்லக் கூடாது, ஆனா ஒண்ணு ரொம்ப நல்லா இருக்கு, படிக்கறேன்னார்.

படிச்சார்டா. எங்க அப்பா வேலை முடிஞ்சு வந்து வாசப்படியில உட்கார்ந்து கையில இருக்கற கிரீஸைத் துடைப்பார்னு ஆரம்பிச்சது. எனக்கு முதல்ல உறைக்கல, யாரோ புண்ணியவான் அப்பனை நினைச்சு எழுதியிருக்கான்னு நினைச்சேன். அப்புறம் பழைய லிஃப்ட் பேரிங் குண்டு வந்தது. நடுப்படி தேய்ஞ்சு குழிஞ்சிருக்கும், அதுல குண்டை உருட்டி விட்டா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஓடி நடுவுல வந்து நிக்கும், நிக்கற வரைக்கும் அப்பாவும் நானும் பேசாம பாத்துக்கிட்டே இருப்போம், எத்தனை பேர் ஏறி இறங்கித் தேய்ஞ்ச கல், அதுல ஒரு கல்லைக்கூட யாரும் தொடக் கூடாதுன்னு வந்தது. பல் டாக்டரம்மா கண்ணைத் துடைச்சுக்கறாங்க. ஹால் முழுக்க கை தட்டுது. நான் உட்கார்ந்த இடத்துலேயே எரிஞ்சு போயிட்டேன். அந்தக் குழியிலதான்டா மழைத்தண்ணி தேங்கி நின்னது. அந்தக் குழியிலதான் உங்கப்பா கால் வச்சார். நீ ரப்பர் மேட் போடச் சொன்னது அந்தக் கல்லு மேலதான்!

எழுந்து போய் மைக்கை வாங்கினேன். இதை எழுதினது என் பையன், அவன் இந்தப் படியில கால் வச்சு வருஷக்கணக்காச்சு, இவர் இப்ப அருமையா படிச்சாரே அந்தக் குழியில விழுந்துதான் என் வீட்டுக்காரர் எலும்பை உடைச்சுக்கிட்டார், படி அழகா இருக்குன்னு கை தட்டினவங்க எல்லாம் வாரம் ஒருத்தரா வந்து அவரைத் தூக்கி இறக்குங்க, அப்புறம் நானும் கை தட்டறேன்னு சொன்னேன். பல் டாக்டரம்மா ரொம்ப மெதுவா, உணர்ச்சிவசப்படாம தெருவோட பொது நன்மையை யோசிக்கணும்னாங்க. உங்க வீட்டுப் பின்பக்கச் சுவரை இடிச்சு ஷட்டர் போட்டப்ப பொது நன்மை எங்க போயிருந்ததுன்னு கேட்டேன். பின்வரிசையில பேக்கரிக்காரர் பலமா சிரிச்சார். அந்த அதிகாரி, முடியாதவங்க விண்ணப்பம் கொடுத்தா கமிட்டி பரிசீலிக்கும், ஆனா அறிவிப்பு வர்றதுக்கு முன்னாடி கட்டி முடிச்சது எதையும் நாங்க தொடமாட்டோம்னார். என் பக்கம் பாத்து ரெண்டு தடவை சொன்னார், நல்ல பிள்ளை. ஆனா குறிப்புல என்ன எழுதிக்கிட்டார்னு எட்டிப் பாத்தேன். படிகள் குறித்த கவலை ஒன்றுன்னு எழுதியிருந்தார். உங்கப்பா ஒரு கவலையா ஆகிட்டார், அவ்வளவுதான்.

நீ எழுதினதை ஒரு காப்பி கேட்டு வாங்கிக்கிட்டு வந்தேன். உங்கப்பாவுக்குப் படிச்சுக் காட்டினா அவரும் என்னோட சேர்ந்து ரெண்டு வார்த்தை உன்னைத் திட்டுவார், எனக்கு ஆறுதலா இருக்கும்னு நினைச்சேன். அங்கதான் கெட்டேன். கிரீஸ் துடைக்கற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார், திரும்ப முதல்லேர்ந்து படிக்கச் சொன்னார். பேரிங் குண்டு வந்ததும் சிரிச்சார், அது எந்த பில்டிங் லிஃப்டோடதுன்னுகூட சொன்னார். முடிச்சதும் இன்னொரு தடவைன்னார். நான் கத்தினேன், உங்களை வீட்டுக்குள்ள பூட்டி வைக்கறதுக்கு உங்க பிள்ளை எழுதின கடிதாசுய்யா இதுன்னேன். அவர் காதுலேயே வாங்கல. இவ்வளவு ஞாபகம் வச்சிருக்கான் பாரு, இவ்வளவு எழுதியிருக்கான் பாருன்னு அதையே சொல்லிக்கிட்டிருந்தார். நீ எங்களுக்கு ஒரு நாளாவது இவ்வளவு எழுதியிருக்கியா? விழுந்த மனுஷனுக்கு எழுத உனக்குக் கை வரல, விழுந்த கல்லுக்கு எழுத வந்திருக்கு. உன்னைப் பெத்த வயிறு எரியுதுடா, சொல்லாம இருக்க முடியல.

மறுநாள் காலையில தீப்பொறி கல் வெட்டற மெஷினோட வந்து வாசல்ல நிக்கறார். உங்கப்பா மேலேர்ந்தே, வேண்டாம்ப்பா, விட்டுடு, பையன் ஆசைப்படறான், படி அப்படியே இருந்துட்டுப் போகட்டும்னு சொல்லி அனுப்பிட்டார். தீப்பொறி என்னைப் பாக்கறார், நான் அவரைப் பாக்கறேன். உங்கப்பா தான் வரைஞ்ச படத்தைச் சுருட்டி பீரோ மேல போட்டுட்டார், உன் காப்பி மட்டும் சட்டைப் பையில இருக்கு, கூடவே அந்த பேரிங் குண்டும், டூல் பாக்ஸைக் குடைஞ்சு தேடி எடுத்திருக்கார். நான் சொல்லிப் பாத்தேன், அழுது பாத்தேன், ரெண்டு வேளை பேசாமலும் இருந்து பாத்தேன். தீப்பொறியும் வந்து திட்டிட்டுப் போனார். உங்கப்பாவோ, எனக்கு வெளிய போய் ஆகவேண்டியது என்ன இருக்குங்கறார். முந்தாநாள் பேக்கரிக்காரர் கீழேர்ந்து கை ஆட்டினார், இவர் பதிலுக்குக் கை ஆட்டிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டார். பகல்ல கதவைச் சாத்தறது இதான் முதல் தடவை.

அதனால உன்கிட்ட கேக்கறேன், கேக்கறது என்ன, சொல்றேன். ஆபீசுக்கு நீ எழுதினதை வாபஸ் வாங்கு, வாங்காம போ, எனக்குக் கவலை இல்ல, தெருவை நீயும் பல் டாக்டரம்மாவும் சேர்ந்து கண்ணாடிப் பெட்டியில வச்சுக்கோங்க. அறிவிப்பு அடுத்த மாசம் வந்துடும்னு சொல்றாங்க, அதுக்குள்ள மேடை நின்னாகணும். தீப்பொறி நான் கூப்பிட்டா அரை நாள்ல வந்துடறேங்கறார், ஆனா உங்கப்பா வாயால சொன்னாத்தான் கல்லுல கை வைப்பாராம். உங்கப்பா யார் சொன்னாலும் கேக்கமாட்டார், நீ சொன்னா கேப்பார். போன்ல சொல்லாத, போன்ல நீ சொல்றது எதுவும் அவர் பையில தங்காது. எழுது. நாலு நாள் லீவு போட்டு நேர்ல வந்தா இன்னும் நல்லது, வெட்டின கல்லை எடுத்து ஓரமா வைக்க ஒரு ஆள் வேணும், ஆனா உன் முதுகு வேற வலிக்குது, வந்தாலும் நீ எதையும் தூக்க வேண்டாம், பக்கத்துல நில்லு போதும்.

மருமகளைக் கேட்டதா சொல்லு, அவ பாவம் நல்ல பொண்ணு, உன்னைக் கட்டிக்கிட்டு அவளும் ம் கேட்டுக்கிட்டுதான் இருக்கா. வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி முழிச்சு வேலை பாக்காத. எவ்வளவு கோபம் இருந்தாலும் நீங்க ரெண்டு பேரும் நோய் நொடி இல்லாம நூறு வயசு இருக்கணும், வயசான காலத்துலயும் சொந்தக் கால்ல வாசல் தாண்டணும், இது என் ஆசீர்வாதம்.

மறக்காத. ஆபீசுக்கு எழுதின மாதிரி பக்கம் பக்கமா வேண்டாம். அப்பா, படியை உடைங்கன்னு அவருக்கு ஒரே ஒரு வரி எழுது.

உன் மேல ஆறாத கோபத்தோட,
உன் அம்மா