கோயில் பாட்டு

1943 ஐப்பசி, இரவு

தூக்கம் வரவில்லை. காலையில் கல்லூரித் திடலில், ஜப்பான்காரன் உத்தரவுப்படி ஆசிரியர்கள் எல்லாரும் டோக்கியோ திசை பார்த்துக் குனிந்து நிமிர்ந்தோம். உடனே சங்கீத ஆசிரியர் ஞானமுத்து அண்ணே, ஆர்மோனியத்தில் பழைய இங்கிலீஷ் ராஜா வாழ்த்துப் பாட்டை வாசித்துவிட்டார். பல வருஷப் பழக்கம், விரல் தானாகப் போய்விட்டது. அதுவும் யார்? கதர் கட்டியதற்காக வெள்ளைக்காரனிடம் எச்சரிக்கை வாங்கியவர். சிங்கப்பூரில் இங்கிலீஷ் படித்த என்னை "துரை வளர்த்த பிள்ளை" என்று இன்றுவரை நக்கலடிப்பவர்.

"லாகு அப்பா?" என்ன பாட்டு என்று மலாயில் கேட்டான் ஜப்பான் அதிகாரி. கோயில் பாட்டு என்று நான்தான் சொன்னேன். அவனுக்குப் பிடித்துப்போனது. நாளை அலோர் ஸ்டார் தலைமை அலுவலகத்திலிருந்து மேலதிகாரி வருகிறாராம், அதையே வாசிக்கச் சொல்லிவிட்டான்.

சாயங்காலம் அண்ணே என் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே சொன்னார்: "தம்பி, வர்றவன் லண்டன்லே படிச்சவனாம்."