மீசைக்கு நேர்த்தி இல்லை

புதுக்குடியிருப்பு
12.6.1988

என் அன்புக்குரியவருக்கு,

சிட்னியிலிருந்து நீங்கள் எழுதியது கிடைத்தது. நித்திரையில் மூச்சு நிற்காதிருக்க டொக்டர் தந்த இயந்திரத்தின் மூக்குமூடி, மீசையால் ஒட்டாமல் காற்றுக் கசிகிறது என்றீர்கள். எங்கள் மகன், தம்பி, வீடு திரும்பும்வரை தாடி எடுப்பதில்லை என்று அம்மனுக்கு நேர்ந்ததால், சவரக்கத்தியைத் தொடப் பயம் என்றும் எழுதியிருந்தீர்கள்.

இங்கே மூச்சு நின்றால் நான் தட்டி எழுப்புவேன். அங்கே யார் இருக்கிறார்கள்?

வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடம் கேட்டேன். "தாடிக்குத்தானே, பிள்ளை, அவர் நேர்ந்தவர்? மீசைக்கு இல்லையே" என்று சிரித்தார்.

இக்கடிதம் கிடைத்த அன்றே மீசையை மழித்துவிடுங்கள். மீசையில்லாமல் தாடி மட்டும் வைத்திருக்கும் கடைக்கார மீராசாகிபுவைப் போல இருப்பீர்கள். அவருக்கு அது அழகாகத்தான் இருக்கிறது.

தம்பி வந்து, "அப்பா, மீசை எங்கை?" என்று கேட்கட்டும். "அப்பா எங்கை?" என்று என்னிடம் கேட்கக் கூடாது.

இப்படிக்கு,
உங்களைத் தட்டி எழுப்பியவள்