பேச்சியக்கா இல்லாத ஓ.பி.

என் பேச்சியக்காவுக்கு,

சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சேர்ந்தவளே, அங்கே சௌக்கியமா? உன்னைத் திட்டுவதற்கென்றே உட்கார்ந்திருக்கிறேன். குறுக்கே பேசாதே. உயிரோடு இருந்தபோது ஒரு தடவையாவது என்னை முழு வாக்கியம் பேச விட்டிருக்கிறாயா?

இங்கே எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. ஓ.பி. நாட்களில் கைக்குழந்தைகளின் அழுகை ஆஸ்பத்திரி வாசல்வரை கேட்கிறது. எக்கோ மெஷின் முன்னால் இருக்கிற உன் நாற்காலியில் இப்போது நான் உட்காருகிறேன். அது ஒரு பக்கமாகச் சாய்கிறது, இத்தனை நாள் எப்படித்தான் உட்கார்ந்தாயோ. பிள்ளைகளின் இதயத்தைப் பார்க்க இந்தப் பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் நாம் இரண்டு பேர் இருந்தோம். இப்போது நான் ஒருத்திதான்.

"ஏட்டி சுமதி, ரெண்டு பேரு இருந்தாத்தாம்லா ஒருத்தி லீவு போட முடியும்? வாட்டி, எங்கூட" என்று சொல்லித்தானே படிப்பு முடிந்த கையோடு என்னை இங்கே இழுத்து வந்தாய்? பீர்மேட்டுத் தேயிலைத் தோட்ட லயத்தில் குளிரில் பிறந்தவள், இந்தப் பாலக்காட்டு வெயிலைத் திட்டிக்கொண்டே வேலை பார்த்தாய். உன்னை நம்பி நானும் பார்த்தேன். ஒரு மழைக்காலத்தில் வந்த நோய், மழை ஓய்வதற்குள் உன்னைக் கொண்டுபோய்விட்டது. கடைசியில் லீவு போட்டது நீ மட்டும்தான்.

என் வீட்டுக்காரரும் முகிலும் மஸ்கட்டில்தான் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த வருஷம் வருகிறேன், அடுத்த வருஷம் வருகிறேன் என்று நான் சொல்லிச் சொல்லியே மகனுக்கு மீசை அரும்பிவிட்டது. நான் போனால் பயிற்சி டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. பயிற்சி நின்றால் இந்தப் பிரிவையே மூடிவிடுவார்கள். கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவராவது இங்கே தங்குவார்கள் என்று பார்க்கிறேன், தேறியதும் பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள். ஒருத்தன் லண்டன், ஒருத்தி பெங்களூரு. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் ஏது? எனக்கும் போகத்தானே ஆசை. பொறிக்குள் அகப்பட்டபிறகு தேங்காய்ச்சில் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிற எலி மாதிரி காலம் தள்ளுகிறேன்.

அப்போதுதான் அனு வந்தாள். கோட்டயத்துப் பெண். கெட்டிக்காரி, கை நடுங்காதவள். பயிற்சி முடிகிற சமயத்தில் ஒருநாள் அவளாகவே சொன்னாள், "மேடம், ஞான் இவிடெத் தன்னெ நிக்காம்." இங்கேயே இருந்துவிடுகிறேன் என்கிறாள் அக்கா! நான் அவளைக் கட்டிப்பிடிக்காத குறைதான். அன்றைக்கே மஸ்கட்டுக்குப் போன் பண்ணி விசாவுக்கு ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டேன்.

போன வாரம் ஒரு மத்தியானம். ரம்யா என்று ஒரு சின்னப் பெண் தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பொள்ளாச்சிப் பக்கம் பிறந்து நல்லேப்பிள்ளிக்கு வாழ்க்கைப்பட்டவள். மலையாளம் இன்னும் பிடிபடவில்லை. நான் உள்ளே வேறொரு பிள்ளையோடு இருந்ததால் அனுதான் பார்த்தாள். சரியாகத்தான் பார்த்தாள். பால் குடித்தால் பையனுக்கு மூச்சு வாங்குகிறது, நெற்றி வியர்க்கிறது, தொடையில் நாடியே கிடைக்கவில்லை. இதயத்திலிருந்து கீழே இறங்குகிற பெரிய ரத்தக்குழாய் எங்கோ குறுகியிருக்கிறது என்று விரலாலேயே கண்டுபிடித்துவிட்டாள். உடனே எக்கோ எடுக்கவும் ஏற்பாடு செய்தாள். நான் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றைக்கூட அவள் விடவில்லை.

பிறகு ரம்யாவிடம் சொன்னாளாம்: "குஞ்ஞினு நல்ல விஷமமுண்டு. புறத்து இரிக்கு, விளிக்காம்."

உனக்கு இதை விளக்க வேண்டாம், கூட இருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். மலையாளத்தில் விஷமம் என்றால் அவஸ்தை. குழந்தை ரொம்ப அவஸ்தைப்படுகிறது, வெளியே உட்காருங்கள், கூப்பிடுகிறேன் என்றுதான் அனு சொன்னாள். பொள்ளாச்சிக்காரியின் காதில் விழுந்தது வேறு: பையன் நல்ல விஷமக்காரன், புறப்படு! பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதியில் ரம்யா புறப்பட்டுவிட்டாள்.

நான் வந்தபோது அனு எக்கோ அறை வாசலில் நின்று பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். டீ குடிக்கப் போயிருப்பார்கள் என்றாள். "நீ சொன்னதுக்கு அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?" என்று கேட்டேன்.

"சிரிச்சு மேடம். 'ஆமாங்க, அப்படியே அவங்கப்பனாட்ட' என்னு பறஞ்சு."

அப்படியே அவன் அப்பன் மாதிரியாம்! பிள்ளை அவஸ்தைப்படுகிறது என்று சொன்னால் எந்தத் தாய் சிரிப்பாள்?

ரம்யா கொடுத்திருந்தது புருஷனுடைய போன் நம்பர். அவர் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலையில் இருக்கிறார், உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். காரை எடுத்தேன், அனுவும் ஓடிவந்து ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் என்ன பேசினேன் என்று கேட்காதே. அவளையும் திட்டினேன், உன்னையும் திட்டினேன். நல்லேப்பிள்ளி பால் சொசைட்டியில் நிறுத்தி, பொள்ளாச்சிப் பெண் ரம்யா வீடு எது என்று விசாரித்தேன். "நம்ம பழனிச்சாமி மருமவளுங்களா? வாய்க்காத் தாண்டி ரெண்டாவது ஊடுங்க. ஏனுங்க, ஏதாச்சும் விசேசங்களா?" என்றார் பால் ஊற்ற வந்த ஒருவர். விசேஷமாம்!

ரம்யா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் சிரித்தாள். "ஏனுங்க டாக்டரம்மா, பையன் சேட்டை பண்றான்னு சொல்றதுக்கா ஊடு தேடி வந்தீங்க? பாருங்க, வந்ததுலருந்து சத்தமே இல்லாமத் தூங்கறானுங்க."

அவன் தூங்கவில்லை, அக்கா. முகம் சாம்பல் பூத்திருந்தது. பாதம் ஐஸாகக் கிடந்தது. அனு அவனை வாரியெடுத்துக்கொண்டு காருக்கு ஓடினாள்.

பிழைத்துவிட்டான். மருந்து ஏற்றித் தேற்றி, மறுநாள் அறுவை செய்து குறுகிய இடத்தைச் சரிசெய்துவிட்டார்கள். இரண்டு தொடையிலும் நாடி துள்ளுகிறது. ரம்யாவுக்கு நான்தான் தமிழில் நிதானமாக எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் அழுத அழுகையை என்னால் பார்க்க முடியவில்லை.

ஆனால் அனு உடைந்துவிட்டாள். என் அறைக்கு வந்து நின்றாள். "மேடம் போயால், ஞானும் போவும். ஒற்றய்க்கு எனிக்குப் பற்றில்லா." நான் போனால் தானும் போய்விடுவாளாம், தனியாக முடியாதாம். "பழகிக்கலாம் கண்ணு, நான் சொல்லித் தர்றேன். பனின்னா உனக்குக் காய்ச்சல், தமிழ்க்காரங்களுக்கு மார்கழிக் குளிரு, அவ்வளவுதான்" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அந்த முகத்தை எனக்குத் தெரியும். உன்னை எரித்துவிட்டு வந்த மறுநாள், ஓ.பி.யில் தனியாக உட்கார்ந்தபோது எனக்கும் அதே முகம்தான் இருந்திருக்கும். எக்கோவில் எதைப் பார்த்தாலும், இது சரிதானா என்று திரும்பிக் கேட்கப் பக்கத்தில் ஆளில்லாத பயம். அந்தப் பயத்தில் எத்தனை நாள் பாத்ரூமில் போய் அழுதிருப்பேன் தெரியுமா? உன்மேல் எனக்குள்ள ஆத்திரமெல்லாம் அதுதான். செத்துப்போனதற்குக்கூட இல்லை, என்னைத் தனியாக விட்டதற்கு.

அன்று சாயங்காலம் முகிலைக் கூப்பிட்டேன். "இப்ப வர முடியலடா சாமி. அனுவுக்குத் துணையா இன்னொரு ஆள் கிடைக்கட்டும்" என்றேன். கத்துவான், சண்டை போடுவான், போனை அவனப்பாவிடம் கொடுத்துவிடுவான் என்று மனதைத் திடப்படுத்தி வைத்திருந்தேன். "சரிம்மா. சாப்பிட்டியா?" என்றான். எப்போது வருவாய் என்று கேட்கவே இல்லை. போனை வைத்தபிறகுதான் உறைத்தது, அவன் கேட்பதை விட்டு எத்தனையோ நாளாகிவிட்டது.

சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா, நீ என்னை விட்டுப்போன மாதிரி நான் அனுவை விட்டுப்போக மாட்டேன். அவள் பக்கத்தில் இன்னொருத்தி வந்து உட்காருகிற அன்றைக்கே கிளம்பிவிடுவேன். அன்றைக்கு மஸ்கட்டில் என் மகன் என்னை அம்மா என்று கூப்பிடுவானா, யாரோ விருந்தாளியைப் போல வாங்க என்று கூப்பிடுவானா என்பதை மட்டும் என்னிடம் கேட்காதே.

உன்மேல் கோபம் தீராத,
கூடப் பிறக்காத உன் தங்கச்சி,
சுமதி