வாசலோடு நின்ற கம்பு

என் அன்பு அப்பாவுக்கு,

உங்களுக்கு ஊனமே இல்லை என்று எழுதிய டாக்டர், திருநகரில் நான் வேலை பார்க்கும் பிசியோதெரபி கிளினிக்குக்கே வந்தார். முழங்காலில் ஆபரேஷன், கையில் கம்பு. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்கு மறக்குமா?

மலைப்பாதையில் ராணுவ லாரி கவிழ்ந்து உங்கள் இடுப்பு நொறுங்கியது. அதற்குக் கிடைத்த ஊன பென்ஷனைத் தொடரலாமா என்று பார்க்க மெடிக்கல் போர்டு கூப்பிட்டபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? வழவழவென்று சவரம் செய்து, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக் கிளம்பினீர்கள். போர்டு அறை வாசலில் கம்பை என்னிடம் நீட்டினீர்கள்.

"அதிகாரி முன்னாடி கம்ப ஊனிக்கிட்டா நிக்கிறது? பிடி தாயி."

திறந்த கதவு வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். விறைப்பாக நடந்துபோய் சல்யூட் அடித்தீர்கள். எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டதற்கு, "நல்லா இருக்கேன் சார்!" என்றீர்கள். பட்டாளத்துக்காரர் வேறு என்ன சொல்வார்? அந்த ஆள் உங்களைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. துணையின்றி நடக்கிறார், வேலைக்குத் தகுதியானவர் என்று எழுதிவிட்டார். வெளியே வந்ததும் நீங்கள் என் தோளில் சரிந்ததை அவர் பார்க்கவில்லை.

பென்ஷன் நின்றது. கோரிப்பாளையத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு வாட்ச்மேனாகப் போனீர்கள். "நிக்கவே முடியலயேண்ணே, ஒங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று முதலாளி அனுப்பிவிட்டார். ரெண்டு பேரில் யார் சொன்னது சரி அப்பா? பென்ஷனை நிறுத்தியதை எதிர்த்து நீங்கள் போட்ட அப்பீலுக்குத் தீர்ப்பு வரும்முன் கண்ணையும் மூடிவிட்டீர்கள்.

அதனால் கிளினிக்குக்கு வந்த டாக்டரிடம் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"கம்ப இங்கிட்டு குடுங்க சார். நிமிந்து நடந்து காட்டுங்க."

ரெண்டே எட்டு. சுவரைப் பிடித்துக்கொண்டார். "முடியலம்மா."

"நல்லாத்தான சார் நடக்குறீங்க? வேலைக்கே போகலாம்."

உங்கள் பெயரைச் சொன்னேன். அவருக்கு நினைவே இல்லை. அதுதான் அப்பா, எனக்கு ஆறவே இல்லை.

"விட்டுரு தாயி, ஆண்டவர் பாத்துக்குவாரு" என்று அம்மா அந்த டாக்டருக்காகவும் ஜெபம் செய்கிறார். என்னால் முடியாது. அவர் சுவரைப் பிடித்து நின்றதைப் பார்க்க எனக்கு இனித்தது.

அப்பீலை இப்போது அம்மா நடத்துகிறார். அடுத்த மாதம் விசாரணை. வக்கீலை நச்சரித்து, டாக்டரையும் சாட்சி சொல்லக் கூப்பிட வைத்திருக்கிறேன். கம்பை ஊன்றிக்கொண்டு வருவார். உட்கார நாற்காலி கேட்பார், கேட்கட்டும். நான் உங்கள் கம்போடு வருவேன். யார் முன்னாலும் அதை இனி வெளியே விட்டுவிட்டுப் போக மாட்டேன். அவர் கண்ணெதிரே மேஜைமேல் வைப்பேன். உங்கள் பெயரை அவர் வாயாலேயே சொல்ல வைப்பேன். இது சத்தியம்.

வாசலில் உங்கள் கம்பைப் பிடித்து நின்ற
உங்கள் மகள்